பிப்ரவரி இருபத்தொன்பது தெரிந்த கடிகாரம்

லீப் வருடத்தைக்கூடத் தவறவிடாமல் தேதி காட்டும், கட்டியவர் கையின் அசைவிலேயே ஓடும் விலையுயர்ந்த கைக்கடிகாரம் அது. இரண்டு கை மாறி, பழைய கடிகாரங்கள் சேர்க்கும் ஒருவரிடம் வந்து சேர்ந்தது. கையில் கட்டாவிட்டாலும் அது நின்றுவிடக் கூடாதென்று, மோட்டாரில் சுழலும் ஓர் உருளையில் மாட்டி அலமாரியில் வைத்தார். உருளை கொஞ்ச நேரம் சுழலும், நிற்கும், மறுபடி சுழலும்.

கடிகாரம் அதை அவர் கை என்றே நினைத்துக்கொண்டது.

"அப்பப்பா, என்னமா அலையறார்! எனக்கு மூச்சு விட நேரமில்லை" என்று பெருமையாக அலுத்துக்கொண்டது.

பக்கத்தில், கடிகாரம் மாட்டிவைக்கும் குட்டித் தலையணையில் ஒரு பழைய தேதிக் கடிகாரம் நின்றுபோய்க் கிடந்தது. "கை சூடா இருக்கா?" என்று கேட்டது.

"இல்லை. குளிர்ந்த உடம்புபோல. அது கிடக்கட்டும், நீ ஏன் ஜூன் ஒன்பதிலேயே உட்கார்ந்திருக்கே? வெட்கமா இல்லை?"

"என்னைக் கடைசியா ஒருத்தர் கட்டின நாள் அது. அவர் மக கல்யாணம். பந்தியில என் மேலயும் ரெண்டு சொட்டு பாயசம் விழுந்துச்சு. உன்னைக் கடைசியா என்னிக்குக் கட்டினாங்க?"

இன்னும் எழுபது வருடத்துத் தேதிகள் அதற்கு அத்துப்படி. இந்த ஒரு தேதி மட்டும் அகப்படவில்லை. உள்ளேயிருந்த பல்சக்கரங்கள் எல்லாம் பதறித் தேடின.

மோட்டார் மெல்ல உறுமியது.

"அப்புறம் சொல்றேன்" என்றது கடிகாரம் அவசரமாக. "அவர் கிளம்பிட்டார்."