மதுரையா, திருச்சியா?

"உங்க மகனுக்குச் சம்பளம் எம்புட்டு? படிக்க வச்ச கடன் எம்புட்டு?"

முன்பின் தெரியாத ஆள் உட்கார்ந்ததும் இப்படிக் கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். திண்டுக்கல் ஜக்கம்மாளுக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஆத்தூர் மலைச்சாமிக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது. மகன் சுருளிவேல் பி.காம். படிக்க வேண்டும் என்கிறான். மதுரைக் காலேஜா, திருச்சிக் காலேஜா? எதுவானாலும் கிணற்றுத் தோட்டத்தை அடமானம் வைத்தாக வேண்டும். எந்த விதை எவ்வளவு விளையும் என்று விசாரிக்காமல் அவர் வெங்காயம்கூட நட்டதில்லை. அதனால்தான் தங்கள் சனத்தில் பி.காம். முடித்த இரண்டு பேரின் வீட்டைத் தேடி, முதலில் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி வந்திருந்தார்.

"மதுரையில படிச்சான். சோப்புக் கம்பெனியில விற்பனைப் பிரிவு. மாசம் நூத்தம்பது" என்ற ஜக்கம்மாள், "உங்களுக்கு எத்தனை பிள்ளைக?" என்றாள்.

"ரெண்டு. பையனுக்காகத்தான் விசாரிக்கேன். மூத்தது பொண்ணு, பொன்னழகு."

உடனே காப்பி வந்தது. கூடவே முறுக்கு.

"கமிஷனெல்லாம் சேத்தா முந்நூறு வருமுங்க. கடனா? ஒத்தப் பைசா கிடையாது!"

மலைச்சாமி திகைத்தார். ஒரு வாய் காப்பிக்குள் சம்பளம் எப்படி இரட்டிப்பானது?

அடுத்தது வேடசந்தூரில் கண்ணம்மாள் வீடு. மகன் நாச்சிமுத்து திருச்சியில் படித்தவன். ஊர் ஊராகப் போய்ப் பற்பொடி விற்கும் பிரதிநிதி. இங்கே பொன்னழகின் பெயர் காதில் விழுந்ததும் கேசரி வந்தது. சம்பளம் முந்நூற்றைம்பது. கடன் இல்லை. நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நெசமா, பையனைச் சேக்கத்தான் தாயி கேக்கேன்."

"தெரியுமே!" கண்ணம்மாள் சிரித்தாள். "மாப்பிள்ளை பாக்க வாரவுக யாரு நேரா சொல்றாக? எங்கப்பாவும் மாடு பாக்க வந்தேன்னுதான் எம் புருஷன் வீட்டுக்குள்ள நுழைஞ்சாரு."

பஸ்ஸுக்கு நின்றவர் முன்னால் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. நாச்சிமுத்துவுக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, அம்மா சொன்னதை நம்பாதீக. சம்பளம் நூத்திப் பத்துதான். படிப்புக்கு வாங்குன கடன் ரெண்டாயிரம் அப்படியே நிக்குது. எங்க காடு இன்னும் அடமானத்துலதான் கெடக்கு. தெரியாம வந்து உங்க பொண்ணு கஷ்டப்படக் கூடாது."

"ஏ அப்பு! நான் எம் மகன் படிப்புக்குத்தான்யா வந்தேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாக. நான் சொன்னேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீக." சைக்கிள் திரும்பிவிட்டது.

வீட்டில் ராமுத்தாய் சோற்றைப் போட்டபடி புருஷனைக் கேட்டாள்.

"என்ன, மதுரையா திருச்சியா?"

"முந்நூறுங்குறாக, நூத்திப் பத்துங்குறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கலை, புள்ளே."

"அப்ப பையனை எங்கதான் சேக்குறது?"

"அதை அவன் மச்சான்கிட்டக் கேட்டுக்குவோம்."

"மச்சானா? எந்த மச்சான்?"

மலைச்சாமி சோற்றைப் பிசைந்தார்.

"வேடசந்தூருப் பையன். நூத்திப் பத்து ரூவா சம்பளம், ரெண்டாயிரம் கடன். அவனே பின்னாடி வந்து சொன்னான்."