மேட்ரன் வாங்கிய வேலை

“இந்தாப்பா, உன்னைத்தான்.”

மிஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்த சவுரிமுத்து எழுந்து நின்றான். எதிரே மேட்ரன் தபீதாள்.

“இப்படியே உட்கார்ந்திருந்தா உன் பொண்டாட்டி எழுந்து வந்துடுவாளா? கொத்தனார்தானே நீ? பின்கட்டுல தண்ணித்தொட்டி விரிசல் விட்டுக் கிடக்கு. போய்ப் பூசு.”

மூடிய கதவுக்கு உள்ளே செல்வமேரி கிடந்தாள். அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டு வேலையில் அவன் கொத்தனார், அவள் சித்தாள். துருப்பிடித்த ஆணி ஒன்று அவள் காலில் ஏறிவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் கல் சுமந்தாள். அந்த வாரக் கடைசியில் தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாக வளைந்தது.

டெட்டனஸ், ரணஜன்னி என்றார்கள். வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது என்று இருட்டு அறையில் போட்டிருந்தார்கள். பிழைப்பாள் என்ற வார்த்தை டாக்டர் வாயிலிருந்து இன்னும் வரவில்லை. சைக்கிளை விற்ற பணம் ஊசி மருந்துக்கே போதவில்லை.

சவுரிமுத்து பின்கட்டுக்குப் போனான்.

மத்தியானம் கஞ்சித் தூக்கோடு வந்த மைத்துனன் துரை, அவனைப் பூச்சுக் கரணையும் கையுமாகப் பார்த்துத் திகைத்துவிட்டான்.

“இன்னா மாமா இது? அக்கா அங்க உசுருக்குப் போராடிகினு கீது. நீ இங்க பூசிகினு கீற?”

“மேட்ரனம்மா சொன்னாங்க மச்சான்.”

“கூலி எவ்ளோ?”

“கேக்கலை.”

துரை விடவில்லை. நேரே மேட்ரனிடம் போய்க் கேட்டான்.

“கூலியா? அந்தப் பேச்சே இங்க கூடாது. இஷ்டம் இல்லேன்னா உங்க மாமாவையே வந்து சொல்லச் சொல்லு” என்று சொல்லிவிட்டு அவள் வார்டுக்குள் போய்விட்டாள்.

“பாத்தியா மாமா? நம்ம நெலமையைப் பாத்துட்டு ஓசியில வேலை வாங்குது. வெளிய போனா நாள் கூலியாச்சும் கெடைக்கும்.”

“மேரிய வுட்டுட்டு எங்க மச்சான் போறது? இங்கயே இருந்தா, கூப்டா ஓடிடலாம்.”

இன்னொன்றும் இருந்தது. அதை அவன் துரையிடம் சொல்லவில்லை. கரணையைப் பிடித்திருக்கும் வரை அவன் கை நடுங்கவில்லை.

தொட்டி முடிந்தது. கக்கூஸ் சுவர் வந்தது. அதுவும் முடிந்தால் காம்பவுண்டுக்குச் சுண்ணாம்பு. காலையில் கொஞ்சம் தாமதமானாலும் மேட்ரன் வந்து நின்றுவிடுவாள்.

“இன்னும் ஆரம்பிக்கலையா?”

பார்த்துக்கொண்டிருந்த மற்ற நோயாளிகளின் வீட்டார் முணுமுணுத்தார்கள். “தினமும் ஜெபம் மட்டும் உருகி உருகிப் பண்ணுது. நெஞ்சுல ஈரம் இல்லையே.”

ஒருநாள் காலை அவன் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஓடி வந்தாள்.

“உங்க வீட்டம்மா தண்ணி கேட்கிறாங்க. வாய் திறந்துடுச்சு.”

சுண்ணாம்பு மட்டையைப் போட்டது போட்டபடி ஓடினான். உள்ளே போனான். கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். செல்வமேரி அவன் கையிலிருந்த சுண்ணாம்பைப் பார்த்தாள்.

“வேலைக்குப் போயிருந்தியா?”

“தோ, இந்தச் செவுத்துக்கு அப்பாலதான் இருந்தேன்.”

“பக்கத்துலயே இருந்தியா? அது போதும்” என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வெளியே வந்து, வார்டுக்கு அந்தப் பக்கம் போய், ஆசை தீர அழுதான்.

அவள் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். துரை தாம்பரம் மார்க்கெட்டில் வட்டிக்கு வாங்கிய பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். இருவரும் பணம் கட்டும் இடத்துக்குப் போனார்கள். அங்கே கிளார்க் வேதாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க எதுவும் கட்ட வேண்டாம். ஸ்டாஃப் குடும்பத்துக்கு இங்க வைத்தியம் இலவசம்.”

“நான் ஸ்டாஃப் இல்லீங்க. எங்கியோ மாறிப்போயிருக்கு. நல்லாப் பாருங்க சார்.”

துரை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “சும்மா வா மாமா.”

“தப்பு மச்சான். யாரோ ஒருத்தருக்குச் சேர வேண்டியது” என்று சொல்லிவிட்டு, சவுரிமுத்து நேரே மேட்ரனிடம் போனான். துரையும் பின்னாலேயே போனான்.

தபீதாள் சாவதானமாகச் சொன்னாள்.

“மாறல. நீ வந்த அன்னைக்கே பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன். இங்க மராமத்துக்கு நிரந்தரமா ஒரு ஆள் தேவைப்பட்டுது. அன்னைக்கிலிருந்தே உனக்கு மாசச் சம்பளம். நாள் கூலி வாங்கியிருந்தா நீ வெளியாள் ஆயிருப்பே, இந்தச் சலுகை கிடைச்சிருக்காது. ஆஸ்பத்திரிக் கமிட்டி நேத்துதான் அந்தத் தேதியிலிருந்தே சரின்னு சொல்லிச்சு. கிடைக்குமான்னு தெரியாம உனக்கு எப்படி ஆசை காட்டறது?”

சவுரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். கண் நிரம்பி வழிந்தது.

துரைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மெதுவாகக் கேட்டான்.

“அப்பால ஏம்மா மாமாவ அந்த வெரட்டு வெரட்டினீங்க?”

“பேரை மட்டும் சேர்த்துட்டு அவரை வராந்தாவுல உட்கார வெச்சிருந்தா, நான் பெரிய டாக்டர்கிட்ட சொன்னது பொய்யாயிருக்குமேப்பா.”