நிதானமான மூச்சு

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு மூச்சு. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.

நிமிடத்துக்கு எட்டு.

நேற்று வீட்டிலும் புருஷன் இப்படித்தான் மூச்சு விட்டார். பதினொரு நாள் வாந்திக்குப் பிறகு மனுஷன் அசந்து தூங்குகிறார் என்று கிரைண்டரைக்கூட நிறுத்தி வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியை வாசலிலேயே மறித்து, “இன்னைக்குத்தான் நிம்மதியா உறங்குதாரு” என்றாள்.

பாவி. சந்தோஷம் வேறு பட்டாள்.

சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி விறைத்திருந்தன. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டுதான் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள்.

டாக்டர் சின்னப் பெண்.

“வாந்தியில வயித்து அமிலம், உப்பு, பொட்டாசியம் எல்லாம் போயிருக்கு. ரத்தத்துல காரத்தன்மை ஏறிப்போச்சு. அதைச் சமாளிக்கத்தான் உடம்பு மூச்சைக் குறைச்சு வச்சிருக்கு. வாந்தி மட்டும்னா இவ்வளவு ஏறாது. வேற என்ன குடுத்தீங்க?”

அவர்களுடையது ஆப்பக்கடை. நெஞ்சு எரிந்தால் மருந்துக்கடைக்குப் போகிற வழக்கமில்லை. வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச்சோடா. ஏப்பம் வந்ததும் வலி இறங்கும்.

முதல் நாள் இறங்கத்தான் செய்தது. “உனக்க மருந்து கேக்குது பிள்ளே” என்றார் தங்கசாமி.

வாந்தி கூடக்கூட அவளும் கூட்டினாள். கடைசியில் நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

எல்லாவற்றையும் சொன்னாள். 

“சோடாவும் காரம்தான்” என்றதோடு சரி, டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உப்புநீர் பாட்டில் ஏறியது. கூடவே பொட்டாசியம், மெதுவாக. நாளைப் பகல் தாண்டினால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள்.

பகல் தாண்டிக்கொண்டிருந்தது.

நிமிடத்துக்குப் பதினொரு மூச்சு. பன்னிரண்டு. மூன்று மணிக்குப் பதினான்கு மூச்சு. மடங்கிய விரல்களை அவள் நீவிவிட்டபோது அவை நீண்டன.

தங்கசாமி கண் திறந்தார்.

“தண்ணி.”

நர்ஸ் ஒரு ஸ்பூனில் தண்ணீர் எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“நாக்கு நனையுற அளவுதான். நீங்களே குடுங்க அக்கா.”

அவள் வாங்கினாள். கை கட்டில் வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை.

“நீங்க குடுங்க சிஸ்டர்.”

நர்ஸ் வாங்கி நீட்டினாள்.

தங்கசாமி வாயைத் திறக்கவில்லை. மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வறண்ட உதடுகளோடு காத்திருந்தார்.