பதினோராவது நாணயம்

அக்காவின் ஆன்லைன் ஸ்வெட்டர் கடையில் தங்கை, பணம் கட்டுவதற்கான பட்டியலில் பத்து நாட்டு நாணயங்களைச் சேர்த்தாள். பட்டியலைத் திறந்தால் பதினொன்று இருந்தன. கடைசியதற்குப் பெயரில்லை. அதைத் தொட்டதும் எல்லா விலையும் பூஜ்யமாகிவிட்டது.

“எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்க்கா” என்று அதை அழித்தாள். மறுநாள் காலை அது பழைய இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் மதியம் அந்த நாணயத்தில் ஓர் ஆர்டர் வந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டர், இடது கை மட்டும் இரண்டு அங்குலம் குட்டையாக. அத்தான் ஒருவருக்குத்தான் அக்கா அப்படிப் பின்னுவாள். போன மாதம் அவரைப் புதைத்தபோதும் அதைத்தான் போட்டுவிட்டார்கள்.

“ஒண்ணு பத்தல போல. அங்க குளிரும்ல” என்றாள் அக்கா, சாதாரணமாக.

தங்கை திரையைக் கீழே நகர்த்தினாள். ஆர்டரில் இன்னொரு ஸ்வெட்டரும் இருந்தது, அக்காவின் அளவில். அவள் நிமிர்ந்தபோது, கொளுத்துகிற வெயிலில், அக்கா அதன் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.