இரண்டு சாய்கோடுகள்

"பிழை எங்கட எண்டு கடிதம் தாங்கோ, சேர். எழுதின ஆளின்ர பெயரோட."

துசாந்தினி நின்றபடியே கேட்டாள். மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே, மூன்று பேரை வைத்து இணையத்தளங்கள் செய்துகொடுக்கும் ரவிசந்திரன் தலையைத் திருப்பினார்.

"கஸ்டமரிட்ட பிழை எண்ட சொல்லே வரக்கூடாதெண்டு முதல் நாளே சொன்னனான்."

"சொன்னனீங்கள். இப்ப டிலான் ஆஸ்பத்திரியில கிடக்கிறான்."

பேசாலை மீனவர் சங்கத்துக்கு அவர்கள் செய்த காலநிலைப் பக்கம் அது. பலத்த காற்றென்றால் சிவப்புக் கொடிப் படம் வரும். செயலாளர் செபஸ்தியம்மா பக்கத்தைக் கோப்பாக இறக்கி, வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்புவார். கொடி இல்லையென்றால் வள்ளம் கடலில் இறங்கும். பக்கம் தொடங்கியபின் முதல் பலத்த காற்று செவ்வாய்க்கிழமைதான். அன்று வந்த கோப்பில் கொடி இல்லை; கடலுக்குப் போன டிலானின் வள்ளம் கவிழ்ந்தது.

"நான் பார்த்தனான், பக்கத்தில கொடி கிடந்ததே," என்றார் ரவிசந்திரன்.

"இணையத்தில வரும். படத்தின்ர லிங்க் வெறும் இரண்டு சாய்கோட்டில துவங்குது. முன்னால இருக்கவேண்டிய எச்.ரி.ரி.பி.எஸ்ஸைப் பக்கத்திட்ட இரவல் வாங்கும். போனில கிடக்கிற கோப்பிட்ட இரவல் குடுக்க என்ன இருக்கு? அதில கொடி வராது. நான் திருத்திப்போட்டன். ஆனா கொடி அனுப்பேல்லையெண்டு ஊர் செபஸ்தியம்மாவைத்தான் ஏசுது. நாலு மணிக்குக் கூட்டம் வைச்சு அவவைப் பதவியில இருந்து விலத்தப் போகினம்."

"இது உன்னோட இங்க வேலை செய்யிற நிதர்சன்ர வேலைதானே? அவனோட உனக்குக் கொழுவல், சண்டை எண்டு தெரியும்."

"பெயர் கடிதத்தில கிடக்கு. கையெழுத்தைப் போடுங்கோ." தட்டெழுதிக் கொண்டுவந்த கடிதத்தை அவள் மேசையில் வைத்தாள்.

"வீட்டில முதல் பட்டதாரி எண்டால் ஊருக்கே நீதவானோ? ஒரு ஆளின்ர சோத்தில மண் போடுறாய், பிள்ளை. நான் கையெழுத்து வைச்சால் அந்தாளுக்கு நாளைக்கு இங்க கதிரை இல்லை. சம்மதமோ?"

"ஓம்."

"அந்த வீட்டில வேற உழைப்பு இல்லையெண்டாலும்?"

"இல்லையெண்டு எனக்குத் தெரியும். வையுங்கோ."

அவர் எரிச்சலோடு கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தினார். பிறகுதான் மேலே வாசித்தார்.

'அந்த லிங்கை எழுதியவர்: பா. துசாந்தினி.'

அவர் வாய் திறக்குமுன், கடிதத்தை எடுத்துக்கொண்டு கந்தோர்க் கதவின் சாவியை மேசையில் வைத்துவிட்டு, அவள் பேசாலை பஸ்ஸுக்குப் படியிறங்கினாள்.