பன்னிரண்டாம் நம்பர் கூரை

ஒரே கூரைக்குப் பதினொரு தடவை ரிப்பேர் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

முனிசிபல் வீட்டுப் பிரிவு குமாஸ்தா மகாதேவனுக்கு ஃபைலைப் புரட்டப் புரட்டத் தலை சுற்றியது. யமுனைக்கு அந்தப் பக்கம், கூலிக்காரர்களுக்காகக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடுகள். அதில் பன்னிரண்டாம் நம்பர், ஆராயி. போன வருஷம், எழுபத்தெட்டு மழையில் ஆரம்பித்து இந்த ஜூலைக்குள் பதினொரு புகார், பதினொன்றும் 'கூரை ஒழுகுகிறது'. ஒவ்வொரு தடவையும் ஆபீஸ் கொத்தனார் ஏகாம்பரம் மிஸ்திரி போய் வேலை பார்த்து ஒரு நாள் கூலி வாங்கியிருக்கிறார்.

நேற்று பன்னிரண்டாவது புகாரும் வந்துவிட்டது.

"ரெண்டு மத்ராஸியும் கூட்டு! மூணாவது மத்ராஸி, நீ போய்ப் பார். புகார் பொய்யென்றால் வீடு கேன்சல்" என்று இந்தியில் கத்தினார் பெரிய அதிகாரி.

மகாதேவன் போனபோது நல்ல மழை. ஆராயி பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஃபைல் மேல் சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"ஏம்மா, ஒழுகறதே!"

"ஆமாங்க சார். அதத்தான எழுதிக் குடுத்தேன்."

புகார் உண்மை. அப்படியானால்?

"மிஸ்திரி வரலையா?"

"வந்தாருங்க. பதினோரு வாட்டியும் வந்தாரு. நல்லாத்தான் செஞ்சாரு."

"நல்லா செஞ்சா ஏன் ஒழுகறது?"

"மழை பேயுதுல்லங்க."

மகாதேவனுக்கு இருந்த கொஞ்ச மூளையும் குழம்பியது. கடைசியில் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்த மாதிரி இருந்தது.

"அச்சா! வேலையே செய்யாம கூலி வாங்கியிருக்கான். இன்னிக்கே அவனை வேலையை விட்டுத் தூக்கறேன்."

"ஐயோ சார்! அவரு பாவம், புள்ளகுட்டிக்காரரு!" ஆராயி அழுதேவிட்டாள். "மேல வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

மழை விட்டதும் மூங்கில் ஏணியில் ஏறினார். வரிசையாகப் பன்னிரண்டு கூரை. பதினொன்றில் சிமெண்ட் புத்தம் புதுசாகப் பூசியிருந்தது. பன்னிரண்டாவது மட்டும் கறுத்து, பிளந்து கிடந்தது.

"என்னம்மா இது? உன் வீட்டை விட்டுட்டு ஊர் வீட்டையெல்லாம் பூசியிருக்கு?"

"வாடகை பாக்கி இருந்தா ரிப்பேர் கெடையாதுன்னு உங்க ஆபீஸ்லதான சார் சட்டம்?"

அவருக்கு அது மனப்பாடம். வாடகை வந்தால்தான் ரிப்பேருக்குக் காசு. வராத வீட்டுக்கு மிஸ்திரி போக மாட்டார். எத்தனை பேரை மகாதேவனே திருப்பி அனுப்பியிருக்கிறார்!

"இவங்க எல்லாம் கட்டட வேலைங்க. காண்ட்ராக்டரு ஒரு வருஷமா ஒழுங்காக் கூலி குடுக்கல. வாடகைக்கு எங்க போவாங்க? நான் பங்களாவுல பாத்திரம் தேய்க்கறேன், மாசமானா சம்பளம் வந்துரும். பாக்கி இல்லாத வீடு இந்த வரிசையிலயே என்னோடது ஒண்ணுதான். அதான் என் நம்பரப் போட்டு மிஸ்திரிய வரவெச்சு, ஒவ்வொரு வீடாப் பூசச் சொன்னேன். தப்புன்னா என் வீட்ட எடுத்துக்குங்க சார். அவர விட்டுருங்க."

நம் சட்டம் ஒழுகவிட்ட வீடுகளை இவள் ஒருத்தி நனைந்துகொண்டு மூடியிருக்கிறாளே என்று மகாதேவனுக்கு வெட்கமாக இருந்தது.

"சரி, நேத்து எழுதினது உன் வீட்டுக்குத்தானே?"

ஆராயி தலையைச் சொறிந்தாள்.

"இல்லீங்க... பின் வரிசைல ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கா. மொத அவளுது. எனக்கு ஓரமாத்தான ஒழுகுது."

"பின் வரிசையில பாக்கி வெச்ச வீடு எத்தனை?"

"பன்னெண்டுங்க."

மகாதேவன் ஈரமான ஃபைலைத் திறந்து எழுதினார்: 'வீடு எண் 12. நேரில் பார்த்தேன். புகார் உண்மை. கூரை மிகவும் மோசம். மிஸ்திரியை இன்னும் பதின்மூன்று தடவை அனுப்ப வேண்டியிருக்கும்.'

படித்துக் காட்டினார். ஆராயி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"பன்னெண்டுதான சார்? ஒண்ணு கூடப் போட்டுட்டீங்களே?"

"அந்தப் பதின்மூணாவது தடவை உங்க வீட்டுக்கும்மா" என்றார் மகாதேவன்.