மருமகளின் நிறம்

"எங்க வீட்டுக்கு வந்தப்போ இவ இந்தக் கலர் இல்ல டாக்டர்."

ரேணுகாம்பாள் முதலில் சொன்னது இதைத்தான்.

கட்டிலில் கிடந்த மருமகள் சுகன்யாவுக்குக் கண் சொருகியிருந்தது. வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போனவளை ஆட்டோவிலிருந்து தூக்கி வந்து கிடத்தியிருந்தார்கள்.

டாக்டர் எழிலரசி நிமிர்ந்து பார்த்தாள். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் வீட்டு அம்மாள்; வசதி கழுத்து நகையிலேயே தெரிந்தது.

"வாந்தி எப்போலேர்ந்துன்னு கேட்டேன்."

"வாந்தி இப்பத்தான். கறுக்க ஆரம்பிச்சது ஆடியிலேர்ந்து. கல்யாணத்தப்போ எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தா."

"பொண்ணு எந்த நெலமையில இருக்கா, நீங்க கலரைப் பத்திப் பேசறீங்களே."

"ஊறுகாய் வேற ஜாடி ஜாடியா காலி பண்றா. வெறும் உப்பைக்கூட நக்கிகினு..."

"போதும்மா."

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு கிடந்த காத்தாயிக்குப் பொறுக்கவில்லை. "சொந்த அண்ணன் பொண்ணாம். அதையே இந்தப் பேச்சு பேசுது பாரு இந்தம்மா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

ரேணுகாம்பாளுக்கும் கேட்டது. அவள் டாக்டரிடம் குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் வெளிய வர்றீங்களா? தனியா ஒரு வார்த்தை."

மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பத்தான் யோசனை கேட்கப் போகிறாள் என்று எழிலரசி நினைத்தாள். "எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லுங்க."

ரேணுகாம்பாள் மருமகளைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

"இவ இந்தக் கலர் இல்ல டாக்டர்."

வயிற்றுப்போக்கும் வாந்தியும் ஊரெல்லாம் இருந்த சமயம். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று எழிலரசி டிரிப்ஸ் ஏற்றினாள். ஒரு பாட்டில் முடிந்தும் ரத்த அழுத்தம் ஏறவில்லை.

அதற்குள் ரேணுகாம்பாளின் மகன் சிவகுமார் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தான். அவன் கையில் கல்யாண ஆல்பம்.

"அம்மாதான் எடுத்தாரச் சொன்னாங்க" என்றான், யாரையும் பார்க்காமல்.

ரேணுகாம்பாள் அதைப் பிரித்து ஸ்டூல்மேல் வைத்தாள். "நீங்களே பாருங்க டாக்டர்."

வார்டே திரும்பிப் பார்த்தது. சாகக் கிடக்கிற பெண் பக்கத்தில் கல்யாண ஆல்பத்தை விரித்து நிறம் காட்டுகிற மாமியாரை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"வெளிய போங்க" என்றாள் எழிலரசி. "இன்னொரு வார்த்தை கலரைப் பத்திப் பேசினா போலீஸைக் கூப்பிடுவேன்."

ரேணுகாம்பாள் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். "மேடம், பி.பி. எறங்கிகினே போவுது. சுகரும் கொறைச்சலா இருக்கு."

நாடி பார்க்க சுகன்யாவின் கையைப் பிடித்த எழிலரசியின் பார்வை ஆல்பத்தில் விழுந்தது. தாரை வார்க்கும் படம். நீட்டிய உள்ளங்கை ரோஜா நிறத்தில் இருந்தது. இப்போது அவள் பிடித்திருந்த உள்ளங்கையில் ரேகைகள் மை ஊற்றியது போலக் கறுத்திருந்தன.

வெயிலில் உள்ளங்கை கறுக்காதே.

உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறிலும் கறுப்புத் திட்டுகள்.

எழிலரசிக்குப் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. உடம்பு கறுக்கும். உப்பு கேட்கும். ரத்த அழுத்தம் விழும். புத்தகத்தில் படித்த நோய், இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. காலையிலிருந்து அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் அந்த நோயின் அடையாளம்.

வேலூரில் தனக்குப் பாடம் நடத்திய பேராசிரியருக்கு எஸ்.டி.டி. போன் போட்டாள். அவர் முழுதும் கேட்கக்கூட இல்லை. "அடிசன் நோய்தான். டெஸ்ட்டுக்குக் காத்திருக்காதே, ரத்தம் எடுத்து வச்சிட்டு ஸ்டீராய்டு ஊசியைப் போடு. லேட்டானா பொண்ணு மிஞ்சாது."

ஆஸ்துமாக்காரர்களுக்காக வைத்திருந்த ஊசி மருந்து இருந்தது. போட்டாள்.

சாயங்காலம் சுகன்யா கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். அப்புறம், "அத்தை எங்க?" என்று கேட்டாள்.

எழிலரசி வராந்தாவுக்கு வந்தாள்.

"பொழைச்சிட்டாம்மா. சிறுநீரகத்துக்கு மேல இருக்கற சுரப்பி வேலை செய்யல. வேலூர்ல டெஸ்ட் பண்ணிடலாம். தெனம் மாத்திரை போட்டா நல்லா இருப்பா."

ரேணுகாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. நான் உங்களைத் தப்பா நெனைச்சிட்டேன்" என்றாள் எழிலரசி. "ஒண்ணு கேக்கணும். இது சில சமயம் ரத்த சொந்தத்துல வரும். உங்க குடும்பத்துல வேற யாராவது இப்படிக் கறுத்தாங்களா?"

ரேணுகாம்பாள் எட்டிப்போய் வார்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"என் பொண்ணு பானுப்ரியா. ஆந்திராவுல, தர்மாவரத்துல கட்டிக் குடுத்திருந்தேன். ஊருக்கு வர்றப்போல்லாம் கறுத்துகினே வந்தா. வெயில்ல அலையாதடின்னு சொல்லி அனுப்பினேன். ஒரு நாள் வாந்தி எடுத்தாளாம். நாங்க போயி சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

எழிலரசி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா."

"சுகன்யா கண்ணைத்தானே மூடிகினு இருந்தா டாக்டர், காது கேக்குமே. இப்படிக் கறுத்து ஒருத்தி செத்தான்னு அவ எதிர்ல எப்படிச் சொல்றது? கொடுமைக்கார மாமியார்னு நெனைச்சா நெனைச்சிக்கட்டும்னுதான் கலரை மட்டும் சொல்லிகினு இருந்தேன்."